நொண்டி எஞ்சின்

நேற்று மத்தியானம் உன் கார் என் பட்டறைக்கு வந்தது. டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டி உன் மனைவி அனுப்பியிருந்தாள். தினமும் வாசலில் அதைப் பார்த்துக்கொண்டே இருக்க முடியவில்லை என்று போனில் சொன்னாள். இறக்கி வைத்தவர்கள் போன பிறகு பானெட்டைத் தூக்கினேன். உள்ளே எஞ்சின் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாசனை இருந்தது. டீசலும் ஏரிச் சேறும் கலந்த வாசனை, இப்போதுதான் அணைத்துவிட்டுப் போனது போல. என் ஊரான திருப்பாலைவனம் வரை வெயிலில் வந்த வண்டி, மேல் தகரம் கையைச் சுட்டது. உள்ளே கையை விட்டால் கிணற்றுக்குள் விட்டது போல் குளிர்ந்திருந்தது.

பானெட்டை மூடிவிட்டு இரும்பு கடையும் லேத்துக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வேலை ஓடவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. நீ உயிரோடு இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டியது. நேராக அதற்கு வர எனக்குத் தைரியம் இல்லை. முதலிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன், நீ கேள்.

அந்தக் கார் உன்னிடம் வந்த விதமே விநோதம். பழவேற்காட்டு ஏரிக்கு வரும் பறவைகளைப் பார்க்க யாரோ ஒரு சென்னைக்காரர் ஓட்டி வந்தார். இரண்டே பேர் உட்காரலாம், மேலே கூரை கிடையாது, உட்கார்ந்த இடத்திலிருந்து கையை நீட்டினால் ரோட்டைத் தொடலாம். நம் அப்பாக்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்த காலத்தில் சீமையில் செய்த பந்தயக் கார். உன் பட்டறை வாசலில் வந்து நின்றபோது எஞ்சின் பிளாக் நீளவாக்கில் விரிசல் விட்டிருந்தது. ஒரு வாரம் கழித்து வந்து பார்த்தவர், இனிமேல் இதோடு மல்லுக்கட்ட என்னால் ஆகாது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் பொன்னேரி பஸ் ஏறிப் போனார். பழவேற்காட்டில் படகு எஞ்சின் பார்க்கும் உனக்கு அப்படியொரு கார் சொந்தமாயிற்று.

அதற்கான எஞ்சினை அந்த ஊரில் எங்கே தேடுவது? கிடைத்ததையெல்லாம் போட்டுப் பார்த்தாய். முதலில் ஒரு பழைய வேனின் எஞ்சின். ஓடியது, ஆனால் மூன்றாவது மாதம் சூட்டில் இறுகி நின்றது. அடுத்து ஷேர் ஆட்டோவின் டீசல் எஞ்சின். அது ஆடிய ஆட்டத்தில் முன் விளக்கு ஒன்று கழன்று திருப்பாலைவனம் வளைவில் வயலுக்குள் போய் விழுந்தது. ஒவ்வொரு தடவையும் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் தட்டை நான்தான் கடைந்து தந்தேன். எதற்கு இந்த வீண் வேலை என்று கேட்டபோதெல்லாம், என் தொழிலையே எனக்குப் பெயராக வைத்துக் கூப்பிடும் நீ ஒரே பதிலைத்தான் சொன்னாய்.

"இந்த ஒடம்பு எந்த உயிர ஏத்துக்குதுன்னு பாக்கறேன், லேத்து."

அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

அந்த வருஷம் வாடைக்காற்று அடித்துக்கொண்டிருந்தபோது லைட்ஹவுஸ் குப்பத்து மீனவன் தேசப்பனின் படகு முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. ஏரியும் கடலும் சேரும் அந்த இடத்தில் மணல் மேடு எங்கே இருக்கிறது என்று எந்த நாளும் சொல்ல முடியாது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரையேறினார்கள். தேசப்பன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்து மணல் நகர்ந்தபோது உடைந்த படகின் அடிப்பாகமும் எஞ்சினும் தெரிந்தன. தேசப்பனின் தம்பி எஞ்சினை உன்னிடம் கொண்டுவந்தான். வீட்டில் வைத்திருக்க யாருக்கும் மனம் இல்லை, நீயே எடுத்துக்கொள் என்றான்.

இரண்டு சிலிண்டர் டீசல் எஞ்சின். உள்ளே எல்லாம் உப்பும் மணலும். நீ லைனர், பிஸ்டன், பேரிங் எல்லாவற்றையும் மாற்றினாய். உப்புத் தண்ணீரில் குளிர்ந்து பழகிய எஞ்சினுக்கு ரேடியேட்டர் வைத்தாய். நான் தட்டு கடைந்தேன், பிளைவீலைச் சீராக்கினேன். ஒரு வெள்ளிக்கிழமை காலை அதைக் காருக்குள் இறக்கினோம்.

ஸ்டார்ட் ஆனதும் நாம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். ஒரு அடி கனமாக விழும், அடுத்த அடி நொண்டும். ஒரு காலை இழுத்து நடப்பவரின் நடை போல. தேசப்பன் இருந்த காலத்தில் குப்பமே அதை நொண்டி எஞ்சின் என்றுதான் சொல்லும். பாதிக்கு மேல் புதுச் சாமான் போட்ட பிறகும் அதே சத்தம் வந்தது. டீசல் பம்ப்பைத் தள்ளும் சின்ன உருளை ஒன்று தேய்ந்திருக்கிறது, அதுதான் காரணம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினாய்.

முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டாய். கார் பின்னால் போனது.

உன் பட்டறை முற்றம் ஏரியைப் பார்த்துச் சரிந்திருக்கும். கார் அந்தச் சரிவில், யாரோ வாலைப் பிடித்து இழுப்பது போல், நிதானமாக ஏரியை நோக்கிப் போனது. நீ பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைப்பதற்குள் பின் சக்கரங்கள் இரண்டும் தண்ணீருக்குள் இருந்தன. நீ இறங்கவில்லை. தண்ணீரைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாய்.

"வந்த வழியே போவப் பாக்குது" என்றாய்.

காரணம் சாதாரணமானது. இந்தக் காருக்கு எஞ்சின் எந்தப் பக்கம் சுற்ற வேண்டுமோ அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சுற்றும் எஞ்சின் அது. திசையைப் பார்க்காதது என் தப்பு. பின் அச்சுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரத்தை மறுபக்கம் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும், இரண்டு நாள் வேலை. அதைச் செய்தோம். கார் முன்னால் போனது. என்னால் விளக்க முடிந்ததால் நான் அதை மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை என்று பின்னால்தான் புரிந்தது.

படகுகள் கரைக்கு வரும் நேரத்தில் எந்த எஞ்சினுக்கு என்ன கோளாறு என்று பார்க்க தினமும் விடியலில் நீ லைட்ஹவுஸ் குப்பம் போவாய். அந்த வாரத்திலிருந்து அந்தக் காரில் போக ஆரம்பித்தாய். முதல் நாள் நானும் கூட வந்தேன். ஏரிப் பாலத்தைத் தாண்டி மீன் காயப்போடும் இடத்தை நெருங்கியபோது கரையில் நாற்பது ஐம்பது பேர் இருந்தார்கள். வலை தட்டுகிறவர்கள், கூடையோடு நிற்கும் பெண்கள். சத்தம் கேட்டதும் அத்தனை பேரும் கையில் இருந்ததை விட்டுவிட்டு எழுந்தார்கள். ஒருவர்கூட ரோட்டுப் பக்கம் திரும்பவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்தார்கள்.

நாம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தோம். அவர்கள் கடலில் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த முதுகுகளை நான் இன்னும் மறக்கவில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் அன்னக்கூடையை இடுப்பில் வைத்தபடி தண்ணீருக்குள் இறங்கினாள். தேசப்பனின் மனைவி கஸ்தூரி. முழங்கால் வரை, பிறகு இடுப்பு வரை. அவளைப் பிடித்து இழுத்து வர மூன்று பேர் போனார்கள். நீ எஞ்சினை அணைத்தாய். அணைத்த பிறகுதான் ஒவ்வொருவராகத் திரும்பி நம்மைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நான்கைந்து நாள் கழித்து தேசப்பனின் அப்பா உன் பட்டறைக்கு வந்தார். நானும் அப்போது அங்கே இருந்தேன். நீ எழுந்து, உட்காருங்க நைனா என்று பெஞ்சைத் துடைத்துவிட்டாய். அவர் உட்காரவில்லை. உடல் கிடைக்காவிட்டாலும் காரியத்தைச் செய்து முடித்துவிடலாம் என்று ஊரில் பேசியாகிவிட்டதாம். மருமகளும் சம்மதித்திருந்தாளாம். இந்தச் சத்தம் கேட்க ஆரம்பித்ததிலிருந்து முடியவே முடியாது என்கிறாளாம். தினம் விடியலில் கூடையை எடுத்துக்கொண்டு கரைக்குப் போகிறாளாம்.

"அவளுக்கு மட்டும்னா பைத்தியம்னு சொல்லிடலாம். எனக்கே தூக்கத்துல இருந்து எழுந்து கால் கரைக்குப் போவுது. இன்னா பண்ணுவ, பண்ணு. சத்தத்த நிறுத்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றே அந்த உருளையைக் கழற்றி எனக்குக் கொடுத்தாய். அளவு பார்த்தேன், ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. புதிதாக ஒன்று கடைந்து, பதம் போட்டுக் கொடுத்தேன். நொண்டல் போய்விட்டது. எல்லா எஞ்சினையும் போல அதுவும் ஓடியது. எனக்கு நிம்மதி.

மறுநாள் நீ குப்பத்துக்குப் போய் வந்தாய், யாரும் கடலைப் பார்க்கவில்லை. அதற்கு மறுநாள் காலை பத்து மணி இருக்கும். கஸ்தூரி உன் பட்டறை வாசலில் நின்றாள். குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தாள். புடவை இடுப்புக்குக் கீழே நனைந்து காய்ந்து உப்புப் பூத்திருந்தது. முந்தின நாள் உச்சிவெயில் வரை தண்ணீரில் நின்றிருக்கிறாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். குரலை உயர்த்தாமல், பால்காரரை விசாரிப்பது போல உன்னைக் கேட்டாள்.

"நேத்து ஏண்ணா அவரு வரல?"

நீ கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாய். அவள் காருக்குப் பக்கத்தில் போய் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு வந்த வழியே போய்விட்டாள்.

அவள் போனதும் நீ பழைய உருளையைத் தேடி எடுத்தாய். நான் உன் கையைப் பிடித்தேன். செத்தவன் சத்தத்தைப் போட்டு ஒரு பெண்ணை தினமும் கடலுக்குள் இறக்குகிறாயே, ஒருநாள் திரும்பி வராமல் போனால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். நீ கையை விடுவித்துக்கொண்டாய். அவள் கேட்டது எஞ்சினை அல்ல, புருஷனை, இது திடீரென்று நின்றால் அவளும் அதோடு நின்றுவிடுவாள், அவளே போதும் என்று சொல்ல வேண்டும் என்றாய். நமக்குள் வந்த ஒரே சண்டை அதுதான். இருபது நாள் நான் உன் பட்டறைப் பக்கம் வரவில்லை. நீ பழையதை மாட்டிக்கொண்டு தினமும் குப்பத்துக்குப் போனாய். போகிற வழியில் அவள் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நிறுத்துவாயாம், அவள் வந்து நின்று கேட்பாளாம், தண்ணீரில் இறங்குவதை விட்டுவிட்டாளாம். உன் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ செய்தது சரி என்று அப்போதே உன்னிடம் வந்து சொல்லியிருக்கலாம். அதையும் சொல்லவில்லை.

பிறகு நீயே போன் செய்தாய். கஸ்தூரி ஒருநாள் வண்டியில் ஏறி முகத்துவாரம் வரை போக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள், நீயும் வா என்றாய். உன் குரலில் பயம் இருந்தது. வந்தேன்.

குப்பத்துக் கோயிலில் திருவிழா. மூன்று நாள் யாரும் கடலுக்குப் போகக் கூடாது. படகுகள் எல்லாம் மணலில் ஏறி வரிசையாகக் கிடந்தன. காலை ஏழு மணி. காற்றே இல்லை. கடலும் வானமும் ஒரே வெளுப்பாக, நடுவில் கோடு தெரியாமல் இருந்தது. கஸ்தூரி உன் பக்கத்தில் உட்கார்ந்தாள், நான் பின்பக்க மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன். ஈர மணலில் மெதுவாக ஓட்டினாய். வழி முழுக்க எஞ்சின் மட்டும் நொண்டிக்கொண்டே வந்தது.

முகத்துவாரத்தில் மணல் முடியும் இடத்தில் நிறுத்தினாய். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீரையே பார்த்தாள். பிறகு, இதை எப்படி நிறுத்துவது என்று கேட்டாள். நீ ஸ்டீரிங்குக்குக் கீழே இருந்த கம்பியைக் காட்டினாய். அவள் அதைப் பிடித்து இழுத்தாள்.

எஞ்சின் நின்றது. எனக்குக் கீழே தகரத்தின் அதிர்வு நின்றதை என் தொடையில் உணர்ந்தேன். அதில் சந்தேகமே இல்லை.

சத்தம் நிற்கவில்லை.

ஒரு கனமான அடி, ஒரு நொண்டல். முகத்துவாரத்துக்கு அப்பால், வெளுப்புக்குள்ளிருந்து வந்தது. நம்மைப் பார்த்து வரவில்லை, போய்க்கொண்டிருந்தது. வேகம் பிடிக்கும் படகின் சத்தம் போல முதலில் கனத்து, பிறகு மெலிந்து, மெலிந்து, எந்த அடியில் முடிந்தது என்று சொல்ல முடியாதபடி முடிந்தது. கஸ்தூரி கடைசி வரை கேட்டாள். பிறகு, பஸ்ஸுக்குப் போகிறவரைத் தெருமுனை வரை பார்த்துவிட்டு வாசலிலிருந்து திரும்புகிறவள் போலச் சொன்னாள்.

"போயிட்டாரு. வாங்க, நாமளும் போலாம்."

அவளை வீட்டில் விட்டோம். பாலத்து நடுவில் நீ காரை நிறுத்தினாய். கை ஸ்டீரிங்கிலேயே இருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாய்.

"எஞ்சின் நின்னப்புறம் உனுக்கு ஏதாச்சும் கேட்டுச்சா?"

நான் சொன்னேன்: "இல்லியே."

உடனே சொன்னேன், யோசிக்கக்கூட இல்லை. ஆமாம் என்றால் நீ அந்த எஞ்சினை விடவே மாட்டாய் என்று நினைத்தேன், அது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், எனக்குப் பயம். நூலளவு பிசகினாலும் அளந்து சொல்கிறவன் நான். அதை வாயால் ஒப்புக்கொண்டால் அது என் பட்டறைக்குள் வந்துவிடும் போல இருந்தது. நீ தலையை ஆட்டினாய். சரி, என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாய்.

அடுத்த வாரம் கஸ்தூரி காரியத்துக்குச் சம்மதித்தாள். நீ எஞ்சினை இறக்கி, உடைத்து, பழைய இரும்புக்குப் போட்டாய். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நான் ஊரெல்லாம் சொன்னேன்.

முடியவில்லை. ஸ்க்ரூட்ரைவரின் முனையை எஞ்சின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்து, எந்த வால்வு, எந்த பேரிங் என்று சொல்கிற ஆள் நீ. அந்தக் காதை நம்பி இருநூறு படகு கடலுக்குப் போனது. அதன் பிறகு நீ காதில் வைத்துக் கேட்டுவிட்டு அதையே என்னிடம் நீட்ட ஆரம்பித்தாய். நீ கேளு, உனக்கு என்ன கேட்கிறது என்று. பொன்னேரிக்குப் போய்க் காது டாக்டரைப் பார்த்தாய், ஒரு குறையும் இல்லை என்றார். அப்படியானால் கோளாறு தலைக்குள் என்று நீயே முடிவு செய்துகொண்டாய். நடுக்கடலில் எஞ்சின் நின்றால் நான் பொறுப்பேற்க முடியாது என்று வந்த வேலையைத் திருப்பி அனுப்பினாய். நன்றாக ஓடிய பட்டறையை மூடினாய். என்ன ஆயிற்று உனக்கு என்று நான் கேட்டபோதெல்லாம் ஒன்றுமில்லை என்றாய். எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டேன்.

நெஞ்சுவலி என்று உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோனபோது இரண்டு நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். சொல்லிவிடலாம் என்று குனிந்தேன். நர்ஸ் வந்து வெளியே இருக்கச் சொன்னார். இன்னும் ஒரு நிமிஷம் என்று நான் கேட்டிருக்கலாம். எழுந்து போனேன்.

நீ போய் நான்கு மாதம் ஆகிறது. போன ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு மார்க்கெட்டில் கஸ்தூரியைப் பார்த்தேன். நண்டு விற்கிறாள், முகம் தெளிந்திருக்கிறது. நண்டின் காலைக் கட்டிக்கொண்டே உன்னைப் பற்றிப் பேசினாள். வாரத்தில் ஒருநாள் அவள் கடைக்கு வந்து உட்கார்ந்து முகத்துவாரத்துக்குப் போன அந்தக் காலைவேளையைப் பற்றியே பேசுவாயாம்.

"அவருக்கும் கேட்டுச்சுண்ணா. எனக்கும் கேட்டுச்சுன்னு எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன். நீ அவன் பொண்டாட்டி, உனக்குக் கேக்கத்தான் செய்யும், லேத்துக்குக் கேக்கலியே, அவன் பொய் சொல்ல மாட்டானேன்னு சொல்வாரு."

நண்டுப் பையை வாங்கிக்கொண்டு நான் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, நிஜமாகவே உங்களுக்குக் கேட்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டாள். கேட்டது என்றேன். அவள் என்னைத் திட்டவில்லை. தலையைக் குனிந்துகொண்டு அடுத்த நண்டை எடுத்தாள்.

இந்தக் காரில் இனி எந்த எஞ்சினையும் நான் போடப்போவதில்லை. ஒரு ஓரமாக நிற்கட்டும். என்னிடம் மிச்சம் இருப்பது பாலத்து நடுவில் சொன்ன அந்த ஒரு சொல்தான். லேத்து ஓடும்போதும் அது கேட்கிறது, நின்ற பிறகும் கேட்கிறது. நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறேன். வடகிழக்கில், முகத்துவாரத்துக்கு அப்பால், ஒரு கனமான அடி, ஒரு நொண்டல், போகப் போக மெலிந்தது. எனக்கும் கேட்டதடா. உன் காது சரியாகத்தான் இருந்தது.